கீசர் வெடித்த இரவும் ஒரு டன் நிலக்கரியும்

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், குளியலறைக்குள் இருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம். குழாயை யாரோ சரியாக மூடவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனால் கூரைப் பலகை வயிறு மாதிரி உப்பி நிற்கிறது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அது பிளந்து, வெந்நீரும் ஊறிப்போன அட்டையும் நான்கைந்து கரப்பான்பூச்சியும் சேர்ந்து என் தோளில் விழுந்தன. கூரைப் பலகைக்கு மேலே இருக்கும் வெந்நீர் கீசர் வெடித்துவிட்டது.

நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதை வெடித்தது என்றுதான் சொல்வார்கள், பட்டாசு மாதிரி ஒன்றும் வெடிக்காது. உள்ளே துருப்பிடித்துத் தகடு ஓட்டையாகி 150 லிட்டர் தண்ணீரும் வெளியே வரும், குழாயிலிருந்து புதிதாகத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் அது நிற்கவும் செய்யாது. வால்வைத் தேடி அடைப்பதற்குள் கீழ்வீட்டு ஆண்ட்டியின் கூரையும் நனைந்துவிட்டது. அவர் நைட்டியோடு மாடியேறி வந்து, கையில் வாளியோடு, என்னை ஒரு வார்த்தை திட்டாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். அப்புறம்தான் திட்டினார். என் மனைவி, “தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன” என்று சொல்லிவிட்டுத் துண்டுகளை எடுத்துத் தரையில் போட்டாள். அவள் பேசிய பழமொழிகளிலேயே இவ்வளவு நேரடியாகப் பொருந்தியது வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே இன்சூரன்ஸ் அனுப்பிய பிளம்பர் வந்தார். வண்டியில் புது கீசர் தயார். அதே 150 லிட்டர், அதே 3 கிலோவாட் எலிமென்ட், அதாவது சூடேற்றும் கம்பி. இதற்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, ஓட்டலில் போய் இட்லிக்குப் பதில் பிட்சா தருவீர்களா என்று கேட்டவனைப் பார்ப்பது போல இருந்தது. “போனது என்னவோ அதுதான் திரும்ப வரும், வேறு வேண்டுமென்றால் உங்கள் செலவு, கம்பெனியோடு பேசுங்கள், இரண்டு வாரம் ஆகும்” என்றார். டர்பன் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லைதான், ஆனாலும் ஜூலை விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போ என்று ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்ல முடியுமா. கையெழுத்துப் போட்டேன். பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிந்து அவர் கிளம்பிவிட்டார்.

இதில் எனக்கு என்ன அவமானம் என்றால், என் பிழைப்பே இதுதான். அலுவலகக் கட்டிடங்களில் ஏசி, மின்சாரம், பம்பு இவற்றைப் பார்த்துக்கொண்டு கரண்ட் செலவைக் குறைப்பது என் வேலை. நகரக் கட்டிடங்களின் கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பது எப்படி என்று சட்டை மடிப்புக் கலையாமல் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுகிறவன், தன் வீட்டின் அடுத்த பத்து வருஷக் கார்பனை ஈரத் துண்டோடு நின்று பத்து நிமிஷத்தில் முடிவு செய்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கணக்கு இல்லை. 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசராக இருந்தாலும் இதில் பேரம் கிடையாது. அதற்கு மேல், யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் டாங்கியின் உடம்பு வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும், பழைய கீசர் என்றால் ஒரு நாளைக்கு 2 யூனிட் வரை இதிலேயே போய்விடும். ஆக 9 யூனிட். எங்கள் கட்டிடத்தில் 24 வீடு. சும்மா இருக்கும்போது ஒழுகுகிற சூடு மட்டுமே வருஷத்துக்கு 17,000 யூனிட்டைத் தாண்டுகிறது, ஒருத்தர்கூடக் குளிக்காமல்.

இதே யூனிட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கனம். இங்கே மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிலக்கரி, பெரும்பாலும் ம்புமலங்கா மாகாணத்துச் சுரங்கங்களை ஒட்டி நிற்கும் எஸ்காம் என்ற அரசு மின் நிறுவனத்தின் நிலையங்களில் இருந்து வருவது. ஒரு யூனிட் செய்ய அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கரி எரிகிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. அரைக் கிலோ எரித்தால் எப்படி ஒரு கிலோ வரும் என்று என் மகள் கேட்டாள், நியாயமான கேள்வி. கரியில் இருக்கும் கார்பன் காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது, 12 பங்கு கார்பன் 44 பங்கு வாயுவாகிறது, அதனால்தான். அதே யூனிட்டை நீர்மின்சாரம் அதிகமுள்ள நாட்டில் செலவழித்தால் கார்பன் இதில் சிறு பின்னம்கூட இருக்காது. எனவே நார்வேயில் ஒருவன் கீசரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நாம் படவேண்டும்.

எனக்கு நிலக்கரி புதிதில்லை. தூத்துக்குடிக்காரன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துத்தான் வளர்ந்தேன், 210 மெகாவாட் வீதம் ஐந்து இயந்திரம், முதல் இயந்திரம் 1979-இல் ஓட ஆரம்பித்தது. தென்காற்று அடித்தால் அம்மா கொடியில் கிடக்கும் வெள்ளை வேட்டிகளை அவசரமாக எடுப்பாள். 2014-இல் இங்கே வந்தபோது கரியை விட்டு வந்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு. வந்து பார்த்தால் டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம், அங்கிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி வெளிநாட்டுக்குப் போகிறது, அதை வாங்குவதில் முதல் வரிசையில் நிற்பது நம் இந்தியாதான். சரி, ஓடி வந்தவனுக்காக அது முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி வேலையிடத்துக் கதை. ஊர் பெயர் மட்டும் சொல்கிறேன், உம்ஷ்லாங்கா. கடலைப் பார்த்து வரிசையாகக் கண்ணாடிக் கோபுரங்கள். அவற்றில் ஒன்றில் நான் போய்ச் சேர்ந்தபோது முதலில் செய்தது, இரவில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டரை அரை மணிக்கு ஒரு தரம் பார்த்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கை இல்லாத மூன்று மாடிக்கு சில்லர், அதாவது ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், குளிர்ந்த தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருந்தது. எப்போதோ ஒரு வாடகைக்காரர் வார இறுதியில் வேலை செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறார், யாரோ கம்ப்யூட்டரில் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், அந்த வாடகைக்காரர் காலி செய்து போய்விட்டார், நேரம் மட்டும் மாறவே இல்லை. அதைத் திருத்த எனக்கு ஆன நேரம் நாலு நிமிஷம். பத்துப் பைசா செலவில்லை. மேனேஜரிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன், இத்தனை வருஷம் வீணானது வெளியே தெரிந்துவிடுமே என்றுதான் அவர் முகம் போனது. நன்றாக வெயில் படும் நடைபாதையில் பகல் முழுக்க விளக்கு, ஒரே மண்டபத்தில் ஒரு பக்கம் ஏசியும் இன்னொரு பக்கம் ஹீட்டரும் ஒன்றோடொன்று சண்டை போடுவது, இதெல்லாம் நான் பார்த்த கட்டிடங்களில் பாதிக்கு மேல் உண்டு. பசுமைக் கட்டிடம் என்று வாசலில் பலகை மாட்டுவதற்கு முன் சுவிட்சை அணைக்க ஒரு ஆளைப் போட்டால் போதும் என்று தோன்றும்.

அலுவலகங்களுக்காவது சட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2020 டிசம்பரில் கெசட்டில் வெளியிட்டார்கள். தனியார் என்றால் 2,000 சதுர மீட்டருக்கு மேல், அரசாங்கக் கட்டிடம் என்றால் 1,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள அலுவலகங்கள், பள்ளி கல்லூரிகள், தியேட்டர், கேளிக்கை இடங்கள் எல்லாம், வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று அளந்து ஏ முதல் ஜி வரை ஒரு சான்றிதழ் வாங்கி வாசலில் மாட்டவேண்டும், ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருப்பது மாதிரி. நடுவில் உள்ள டி என்பது கட்டிட விதி எதிர்பார்க்கும் அளவு. கெடு முதலில் 2022, அப்புறம் 2025 டிசம்பர் என்று நீட்டினார்கள். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஜி வாங்கினால் அபராதம் இல்லை, சான்றிதழ் வாங்காமல் இருந்தால்தான் குற்றம். எனக்குப் பிடிக்காததும் அதேதான்.

இந்தச் சட்டம் வீடுகளைத் தொடுவதில்லை. 2018-இல் ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன், ஷ்வானே, டர்பனைச் சேர்ந்த எங்கள் எத்தெக்வினி மாநகராட்சி நான்கும் சேர்ந்து சி40 என்ற, பருவநிலைக்காகக் கைகோத்த உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பின் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டன, 2030-இல் இருந்து புதுக் கட்டிடங்கள், 2050-க்குள் எல்லாக் கட்டிடங்களும், நிகரக் கார்பன் பூஜ்யத்துக்கு வரவேண்டும் என்று. எல்லாக் கட்டிடங்களும் என்றால் டர்பனின் அம்பிலோ பகுதியில் இருக்கும் எங்கள் 24 வீட்டுக் கட்டிடமும்தானே. புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு 2011-இல் இருந்தே விதி உண்டு, வெந்நீருக்கான சக்தியில் பாதியாவது வெறும் எலிமென்ட் இல்லாமல் வேறு வழியில் வரவேண்டும், அதாவது வெயிலோ ஹீட் பம்போ. ஆனால் நாங்கள் புதிது இல்லையே. பழைய கட்டிடத்தில் கீசர் போனால் அதே கீசர். விதி வாசலோடு நின்றுவிடுகிறது, பிளம்பர் மட்டும் உள்ளே வருகிறார்.

பழைய கட்டிடம் என்றதும் மட்டமாக நினைக்கவேண்டாம். டர்பன் பேரியா மேட்டில் 1930-களில் கட்டிய ஆர்ட் டெக்கோ பாணி அடுக்குமாடிகள் இருக்கின்றன, கர்ரி (Currie) ரோட்டில் உள்ள சர்ரே மேன்ஷன்ஸ் போல. ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீட்டிய கான்கிரீட் விளிம்பு, ஆழமான பால்கனி, கடல்காற்று குறுக்கே போக வழி. ஏசி இல்லாத காலத்தில் கட்டியவர்கள், வெயிலை வெளியிலேயே நிறுத்தத் தெரிந்தவர்கள். எங்கள் கட்டிடமும் அந்த வம்சத்தில் ஒரு ஏழைச் சொந்தக்காரன், விளிம்பு இருக்கிறது, அழகு இல்லை. உம்ஷ்லாங்கா கண்ணாடிக் கோபுரத்தில் ஒரு பகல் ஏசி நின்றால் ஆட்கள் வேலை செய்ய முடியாது, எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறியோடு ஜனவரியைத் தாண்டிவிடலாம். இன்னொன்று, தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் குழம்புகிற விஷயம், இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வடக்கு பார்த்த ஜன்னலில்தான் குளிர்கால வெயில் வரும், சோலார் பலகையும் வடக்கு நோக்கித்தான் வைக்கவேண்டும். ஊரில் இருந்து வந்த என் மாமா வாஸ்துப்படி இது தப்பு என்றார்.

அப்புறம் சிமெண்ட். உலகத்தின் கார்பனில் 7, 8 சதவீதம் சிமெண்டில் இருந்து வருகிறது, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே வாயுவை விடுவதால் அடுப்பை எதில் எரித்தாலும் அது நிற்காது. ஆகவே நிற்கிற கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதுசாகப் பசுமைக் கட்டிடம் எழுப்புகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நிற்பதைச் சரி செய்வதுதான் மலிவு. ஆனால் நிற்பதைச் சரி செய்வதை யாரும் நாடா வெட்டித் திறந்து வைப்பதில்லை.

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி என்று போட்டார்களே, அது கார்பனைக் குறைக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். 2023-ஐ இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள், மோசமான வருஷம், மின்வெட்டின் கடுமையான படியான ஸ்டேஜ் 6 என்றால் எத்தனை மணிக்குக் கரண்ட் இருக்கும் என்று ஆப்பைப் பார்த்துத்தான் சோறு வடிப்போம். கூரையில் பலகை போட்டவர்கள் குறைத்தார்கள், உண்மை. அந்த வருஷம் மார்ச்சில் இருந்து அடுத்த பிப்ரவரி வரை பலகை வாங்கியவர்களுக்கு 15,000 ரேண்ட் வரை வரியில் கழிவும் கொடுத்தார்கள். ஆனால் பலகை இல்லாமல் வெறும் பேட்டரி வைத்தவர்கள், என்னைப் போல, அதே கரிக் கரண்டில் இருந்துதான் சார்ஜ் செய்தோம், போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் சூடாகி வீணானது. அது இருட்டுக்கு மருந்து, புகைக்கு இல்லை. பெரிய கட்டிடங்கள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டியதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீழ்வீட்டு ஆண்ட்டியின் தம்பி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார், அவர் பலகை போடப் பணத்தோடு தயாராக இருந்தார், கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதில் துளை போட எந்தக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளவில்லை, தூசி நுரையீரலுக்குள் போய்விடும். கூரையை மாற்றும் செலவு பலகைச் செலவைவிட அதிகம். அந்த வீடுகளை நிறத்தின் பேரால் ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய காலத்தில் கட்டினார்கள். அப்போது மேலே வைத்த கூரை இப்போதும் அவர் கையைக் கட்டிப்போடுகிறது.

சரி, எங்கள் கட்டிடத்துக்கு வருகிறேன். கீசர் வெடித்த வாரமே நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு 24 வீட்டுக் கதவையும் தட்டினேன். கீசர் எந்த வருஷத்தது என்று மட்டும் கேட்டேன். பல வீட்டில் தெரியவில்லை, மேலே ஏறி டார்ச் அடித்து லேபிளைப் படித்தேன். 11 கீசர் பத்து வயதைத் தாண்டியவை. சாதாரணமாக இவற்றுக்கு ஐந்து வருஷம் கியாரண்டி, பத்தைத் தாண்டினால் ஆண்டவன் விட்ட வழி. அதாவது அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் 11 ராத்திரி, 11 வீட்டில், என்னைப் போல ஈரத் துண்டோடு நின்று 11 பேர் கையெழுத்துப் போடப்போகிறார்கள். எங்கள் கட்டிடத்தின் கார்பனை முடிவு செய்வது நகராட்சியும் இல்லை, சி40-உம் இல்லை, அந்த 11 காலைகள்தான். அந்தக் காலைக்கு முன்பே முடிவை எடுத்து வைத்துவிட்டால்?

ஹீட் பம்ப் என்றால் பெரிய வித்தை இல்லை, ஏசியைத் திருப்பி வைத்தது மாதிரி. காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும், டர்பன் மாதிரி வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள ஊரில் அதற்குக் கொண்டாட்டம்தான். 9 யூனிட் 3, 3.5-க்கு வந்துவிடும். வருஷத்துக்கு 2,000 யூனிட் மிச்சம், 2 டன் வாயு மிச்சம், கரியாகச் சொன்னால் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஒரு வீட்டுக்கு. எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் வீட்டுக்கு ஒரு டன் கரியைக் கொட்டிக் குவித்தால் எப்படி இருக்கும் என்று கூட்டத்தில் சொன்னேன், நாலாவது வீட்டுக்காரர், அப்போது என் காரை எங்கே விடுவது என்று கேட்டார்.

பாடி கார்ப்பரேட் கூட்டம் செப்டம்பரில் நடந்தது. இதுவரை போகாதவர்களுக்கு, பாடி கார்ப்பரேட் என்றால் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம், மாதாமாதம் லெவி கட்டவேண்டும், டிரஸ்டிகள் என்று நாலைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள், அதில் நான் ஒருவன். கீசர் அவரவர் சொத்து, பராமரிப்பு அவரவர் பொறுப்பு, ஆனால் வெடித்தால் பொது இன்சூரன்ஸ். ஹீட் பம்பின் வெளிப்பெட்டியை மாட்டும் சுவரோ எல்லோருக்கும் பொது. இந்த மூன்றுக்கும் நடுவில் சிக்காத ஒரு நல்ல யோசனை இருக்குமானால் எனக்குச் சொல்லுங்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நான் நினைத்த இடத்தில் வரவில்லை. பணத்தைப் பற்றிச் சண்டை வரும் என்று தாள் தாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன், முப்பதாயிரம் ரேண்டைச் சுற்றிச் செலவு, யூனிட் மூன்று ரேண்டை ஒட்டி இருப்பதால் வருஷத்துக்கு ஆறாயிரம் மிச்சம், ஐந்து வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று. ஆனால் பாதி வீடுகளில் இருப்பது வாடகைக்காரர்கள். பம்பு வாங்குவது வீட்டுக்காரர், மிச்சமாவது வாடகைக்காரரின் ப்ரீபெய்டு மீட்டரில். எந்த மடையன் அடுத்தவன் பில்லைக் குறைக்க முப்பதாயிரம் போடுவான் என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உலகம் முழுக்கக் கட்டிடக் கார்பனில் இதுதான் முட்டுக்கட்டை, செலவு ஒரு பையில், லாபம் வேறொரு பையில். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, வாடகையில் மாதம் 200 ரேண்ட் ஏற்றிக்கொள்ளுங்கள், வாடகைக்காரருக்கு அப்போதும் லாபம்தான் என்று சொன்னேன், ஒருவர் ஒத்துக்கொண்டார், ஒருவர் சிரித்தார்.

இன்னொரு சந்தேகம் சத்தம். அது நியாயம், விசிறியும் கம்ப்ரஸரும் ஓடும், மட்டமாக மாட்டினால் சுவரே உறுமும். ரப்பர் பாதம் வைக்கவேண்டும், படுக்கையறைச் சுவரில் மாட்டக்கூடாது, பகல் 11-இல் இருந்து 3 மணி வரை ஓடும்படி நேரம் வைக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டோம். பகலில்தான் காற்றும் சூடாக இருக்கும்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன், தொழில் ரகசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்குள்ளும் ஹீட் பம்புக்குள்ளும் இருக்கும் கேஸ். ஆர்410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியே ஒழுகினால் அது 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது ஒரு கத்துக்குட்டி மெக்கானிக் குழாயை ஒழுங்காக இறுக்காமல் போனால் ஒரு வீடு ஒரு வருஷம் மிச்சம் பிடித்தது ஒரு மதியத்தில் போய்விடும். பழுது பார்க்க வருகிறவர்கள் கேஸைப் பிடித்துச் சிலிண்டரில் ஏற்றாமல் புஸ்ஸென்று காற்றில் விடுவதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், மொட்டை மாடியில், சிகரெட்டைப் பிடித்தபடி. ஆகவே நாங்கள் ஆர்32 உள்ள பெட்டி என்று கேட்டோம், புவியைச் சூடேற்றும் அதன் வலு மூன்றில் ஒரு பங்குதான், பொருத்துகிறவரிடம் லைசென்ஸ் காகிதமும் கேட்டோம். காகிதம் கேட்டதற்கே இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள்.

கீழ்வீட்டு ஆண்ட்டிதான் கூட்டத்தைத் திருப்பினார். எழுபதைத் தாண்டியவர், ஐந்தாம் தலைமுறை, 1860-களில் மதராஸில் இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆயா, தாத்தா, சோறு, ரசம், சாமி, அதோடு கோபம் வந்தால் நான் இங்கே எழுத முடியாத நாலைந்து சொல், அதெல்லாம் சுத்தத் தமிழ். மற்றபடி டர்பன் இங்கிலீஷ்தான். கார்பன் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவர் தங்கை வீட்டுப் பின்சுவர் மண்ணோடு போனது, மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல் செத்தார்கள். புவி சூடாகாமல் இருந்திருந்தால் 40 வருஷத்துக்கு ஒரு முறை வரவேண்டிய அளவு மழை இப்போது 20 வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடியதாக ஆகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டதை நான் அவரிடம் சொன்னபோதுகூட, அந்தச் சுவரைக் கட்டியவன் சிமெண்ட் திருடினான் என்பதுதான் அவர் பதில். கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னது வேறு. “போன தடவை இவன் கீசர் வெடித்து என் கூரை போனது. அதற்கு முன்னால் மேலே இருந்தவன் கீசர். எனக்கு இது இரண்டாவது கூரை. வெடிப்பதற்கு முன்னாலேயே மாற்றுங்கள், எதை வைத்து மாற்றினாலும் சரி.” அவ்வளவுதான். மேல்வீட்டு கீசருக்குக் கீழே வாழ்கிறவர்கள் கட்டிடத்தில் முக்கால்வாசிப் பேர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கொண்டுபோன கரிக்குவியல், ரேண்டு மிச்சம் எதுவும் செய்யாததை ஈரக்கூரை செய்துவிட்டது.

முடிவானது இவ்வளவுதான், பெரிய புரட்சி இல்லை. பத்து வயதைத் தாண்டிய கீசர்களின் பட்டியல் நோட்டீஸ் பலகையில். வெளிச்சுவரில் பெட்டி மாட்டும் இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி, வெடித்த பிறகு யாரும் டிரஸ்டியைத் தேடி அலையவேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியோடு நாலு மாதம் மின்னஞ்சல் யுத்தம் நடத்தி, வெடித்தால் பழைய மாதிரி கீசருக்கு ஆகும் தொகையை அவர்கள் தருவார்கள், ஹீட் பம்புக்கான மீதியை வீட்டுக்காரர் போடுவார் என்று எழுத்தில் வாங்கினோம். காசு போட மனமில்லாதவர்களுக்குக் கீசர் போர்வை, குழாய்க்கு உறை, நிமிஷத்துக்கு 20 லிட்டர் கொட்டும் பழைய ஷவருக்குப் பதில் 9 லிட்டர் ஷவர். இந்தக் கடைசிச் சாமானுக்கு ஆகும் செலவையும் அது செய்யும் வேலையையும் பார்த்தால் கோயில் கட்டலாம். தெர்மோஸ்டாட்டை 60-இலேயே வைத்தோம், அதற்குக் கீழே இறக்கினால் தண்ணீரில் கிருமி வளர இடம் கொடுத்தது போல. பகலெல்லாம் கீசரை அணைத்து வைத்தால் பாதி மிச்சம் என்று ஒரு நம்பிக்கை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு, அணைப்பதால் ஒழுகுகிற சூட்டில் ஒரு பகுதிதான் மிச்சமாகும், குளித்த தண்ணீரை எப்போதிருந்தாலும் சூடாக்கித்தானே ஆகவேண்டும். இதை ஒரு அண்ணனிடம் சொல்லப் போய் அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இதுவரை ஐந்து வீட்டில் ஹீட் பம்ப் ஓடுகிறது. 19 பாக்கி. அந்த 19-இல் ஒன்று என் வீடு, புதிதாகப் போட்ட கீசர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதோடு ஒரு பம்பை இணைக்க முடியும், செய்யவேண்டும், இன்னும் செய்யவில்லை, மனைவி வாரம் ஒரு முறை ஞாபகப்படுத்துகிறாள்.

முதலில் போட்டவர் ஆண்ட்டிதான். பெட்டியை அவர் பின்பக்கப் பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டினோம். சூட்டை உறிஞ்சிக்கொண்டு அது வெளியே விடுவது குளிர்ந்த காற்று. ஊரில் தை மாதம் என்றால் பனி, இங்கே தைப்பூசம் வருவது கொதிக்கிற கோடையில், காவடி எடுத்துத் திரும்புகிறவர்கள் கால் தார் ரோட்டில் வெந்துபோகும். இந்த பிப்ரவரியில் காவடி முடிந்து பிரசாதம் கொடுக்கப் போனேன். ஆண்ட்டி பால்கனியில் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, காலை அதன் காற்றில் நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், இன்னொரு நாற்காலி இல்லை. “மூன்று மணிக்கு இது நின்றுபோய்விடுகிறது தம்பி,” என்றார், “ஐந்து வரைக்கும் வை.”